நூல் துண்டுகள் போட ஒரு துணிப்பெட்டி: சரியாமல் நிற்கத் தைப்பது எப்படி?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்து, வெட்டிய நூல் துண்டுகளையும் துணி நறுக்குகளையும் போடுவதற்கு ஒரு சின்னத் துணிப்பெட்டி தைத்தாராம். இரண்டு தடவை தைத்தும் சரிவரவில்லை. முதலாவதை வெறும் பெட்ஷீட் துணியில் தைத்தார். வாய் உள்ளே மடிந்து விழுந்தது. இரண்டாவதற்கு நடுவில் மெல்லிய ஸ்பொஞ் வைத்தார். அது நிற்கிறது, ஆனால் அடி உப்பிக்கொண்டு தொட்டால் ஆடுகிறது, உள்துணியும் குவிந்து கிடக்கிறது. எங்கே பிழை, வெள்ளவத்தைக்கோ புறக்கோட்டைக்கோ போய் எந்தத் துணி வாங்க வேண்டும் என்று கேட்கிறார்.

துணி வாங்கப் போகாதீர்கள் தங்கச்சி. இந்தப் பெட்டியை நிற்க வைப்பது வெளியே தெரியும் துணி இல்லை. அடி தட்டையாக இருக்க வேண்டும், பக்கங்களுக்குள் விறைப்பான ஏதாவது ஒன்று ஒட்டியிருக்க வேண்டும், வாய் விளிம்பு இரட்டிப்பாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பழைய சாரத்தில் தைத்தாலும் நிற்கும். இவற்றில் ஒன்று பிசகினாலும் விலை கூடிய துணியும் சரியும்.

உங்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்த பனை ஓலைப் பெட்டி ஒன்று இருந்தால் அதை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடி நான்கு மூலையாக இருக்கும். மேலே வர வர வட்டமாகி, வாய் முழு வட்டமாக முடியும். வாய் ஓரத்தை மட்டும் மடித்து, இன்னொரு ஓலை வைத்து, நாரால் பொத்தியிருப்பார்கள். ஓலை எவ்வளவு மெல்லியது! ஆனாலும் அதற்குள் அரிசி போடலாம், மா போடலாம், பெட்டி அசையாது. மூலையுள்ள அடி தரையைப் பிடிக்கிறது, பொத்திய வாய் வளையம் போல நின்று பக்கங்களை விரித்து வைத்திருக்கிறது. நாம் துணியில் செய்யப்போவதும் இதேதான். எங்கள் தையல் வகுப்பில் இதைக் கூடை என்று சொல்லாமல் துணிப்பெட்டி என்று நான் சொல்வதும் அதனால்தான்.

முதலில் அளவு. தையற்கடைகளில் எல்லாரும் அங்குலத்தில்தான் கணக்குப் போடுகிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மேசையில் வைக்க எனக்குப் பிடித்த அளவு, அடி 4 அங்குலச் சதுரம், உயரம் 4 அங்குலம், அதற்கு மேல் வெளியே மடித்துவிடும் விளிம்பு ஒன்றரை அங்குலம். இதைவிடக் குட்டையாகத் தைத்தால் கொழும்பில் சரிவராது. பத்து மாதமும் தலைக்கு மேல் ஃபான் சுற்றுகிற ஊர் இது. 2 அங்குல உயரக் கிண்ணத்தில் போட்ட நூல் துண்டு, ஃபானை மூன்றில் வைத்ததும் மேசையெல்லாம் பறக்கும். பறந்து போய், கீழ்நூல் சுற்றிய பொபின் இருக்கும் இடத்துக்குள்ளும் விழும். நூல் துண்டு ஒன்று அங்கே சிக்கிக்கொண்டால் கீழ்நூல் கூடு கட்டும், நீங்கள் நூலை இறுக்கும் டென்ஷனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் களைத்துப் போவீர்கள். பெட்டியின் உயரம் அழகுக்காக இல்லை, காற்றுக்காக.

இந்த அளவுக்கு வெளித்துணியில் இரண்டு துண்டு, உள்துணியில் இரண்டு துண்டு, எல்லாமே 9 அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். தையலுக்கு எல்லாப் பக்கமும் அரை அங்குலம் இதற்குள் அடங்கிவிட்டது. ஒவ்வொரு துண்டிலும் கீழ் மூலைகள் இரண்டிலும் 2 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த 2 அங்குலம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் இனி எந்த அளவுப் பெட்டியையும் நீங்களே கணக்குப் போடலாம். வெட்டும் சதுரத்தின் இரண்டு மடங்குதான் பெட்டியின் அடி ஆழம். 2 வெட்டினால் 4 ஆழம். அடி அகலத்தோடு அந்த ஆழத்தையும், தையலுக்கு ஒரு அங்குலத்தையும் கூட்டினால் துண்டின் அகலம்: 4, 4, 1, மொத்தம் 9. உயரத்துக்கு, நிற்கும் உயரம் 4, மடிக்கும் விளிம்பு ஒன்றரை, வெட்டும் சதுரம் 2, தையலுக்கு 1, மொத்தம் எட்டரை. கத்தரிக்கோல் வைக்க உயரமான பெட்டி வேண்டுமா, நிற்கும் உயரத்தை மட்டும் கூட்டுங்கள். பெரும்பாலானவர்கள் பிழைவிடுவது இங்கேதான். அளவு எடுக்காமல் ஒரு பை போலத் தைத்துவிட்டு, கடைசியில் மூலையைக் கண்ணளவில் மடித்து ஒரு தையல் போடுவார்கள். இடது மூலை 2 அங்குலமும் வலது மூலை ஒன்றேமுக்காலுமாக வரும். அந்தக் கால் அங்குல வித்தியாசம் போதும், பெட்டி ஒரு பக்கம் சாய்வதற்கு. உங்களுடைய இரண்டாவது பெட்டி ஆடுவதற்கு ஸ்பொஞ் மட்டும் காரணமாக இருக்காது. நான்கு மூலையையும் அளந்து பாருங்கள்.

துணி எவ்வளவு வேண்டும்? 44 அங்குல அகலத் துணியில் கால் யார் எடுத்தால், அதாவது 9 அங்குலம், நான்கு துண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும், மிச்சமும் இருக்கும். இதற்காகக் கடைக்குப் போகவே தேவையில்லை. சீலையோடு வருகிற சட்டைத் துணி தைக்காமல் எத்தனை வீட்டு அலுமாரியில் கிடக்கிறது! அதுவே போதும். வெளித்துணிக்கு என் விருப்பம் கைத்தறி. மருதமுனைக் கைத்தறித் துண்டு ஒன்று யாராவது தந்தால் நான் அதை மேசை விரிப்பாக்க மாட்டேன், பெட்டிதான் தைப்பேன். இழை தடிப்பாக இருப்பதால் பாதி விறைப்பு அதிலேயே இருக்கிறது. ஆனால் கைத்தறி வெட்டியவுடன் ஓரத்தில் பிரியத் தொடங்கும், ஆகவே வெட்டியதும் ஓரம் முழுக்க சிக்சாக் ஓட்டிவிடுங்கள். தண்ணீரிலும் சுருங்கும். ஒரு தடவை கழுவி, காயவைத்து, அயன் பண்ணிய பிறகுதான் சோக்கைக் கையில் எடுக்க வேண்டும். பழைய டெனிம் காற்சட்டைக் காலும் நல்லது, அதற்குக் கன்வஸே, அதாவது உள்ளே ஒட்டும் விறைப்புத் துணியே, தேவையில்லை. ஆனால் சாதாரண வீட்டு மெசினில் டெனிம் மூலையைத் தைக்கும்போது ஊசி முறியப் பார்க்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

உள்துணிக்கு ஒரே ஒரு நிபந்தனை: வெளிர் நிறம். பிள்ளைகளின் பாடசாலைச் சீருடை தைத்து மிச்சமான வெள்ளைத் துணி இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. இருண்ட உள்துணியில் குண்டூசி ஒன்று விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

புறக்கோட்டைக்குக் கட்டாயம் போகத்தான் போகிறீர்கள் என்றால், துணிக்காக இல்லாமல் கன்வஸுக்காகப் போங்கள். இரண்டாம் குறுக்குத் தெருப் பக்கமும் கெய்சர் வீதியிலும் தையற்சாமான் விற்கும் கடைகளில், சேர்ட் கொலருக்குள் வைத்து ஒட்டுகிற கன்வஸ் என்று கேளுங்கள். ஒரு பக்கம் விரலால் தடவினால் சின்னச் சின்னப் புள்ளியாகச் சொரசொரவென்று இருக்கும், அதுதான் பசை. கடதாசி போல இருக்கும் வகையும் உண்டு, நெய்த வகையும் உண்டு. பெட்டிக்கு நெய்ததை வாங்குங்கள். கடதாசி வகையை ஒருமுறை கசக்கினால் அந்த மடிப்பு போகவே போகாது, இந்தப் பெட்டியையோ தைக்கும்போது ஒருமுறை முழுதாகக் கசக்கித் திருப்பத்தான் வேண்டும்.

ஸ்பொஞ் வேண்டாம் என்கிறேன். தைக்கும்போது அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது மூலையை மூலையாக விடாது. எல்லா மடிப்பையும் உருண்டையாக்கிவிடும், அதனால்தான் உங்கள் பெட்டியின் அடி உப்பியிருக்கிறது. அதோடு நம்முடைய புழுக்கத்தில் ஸ்பொஞ் நெடுநாள் நிற்காது. ஈரக்காற்று பட்டுப்பட்டு மஞ்சளாகி, பிறகு மாவாக உதிரும். பழைய ரேடியோ ஹெட்ஃபோனின் ஸ்பொஞ் உதிர்ந்து காதில் ஒட்டியதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். அரிசி பேக்கை வெட்டி உள்ளே வைக்கலாமா என்று வகுப்பில் அடிக்கடி கேட்பார்கள். அந்தப் பின்னல் பிளாஸ்டிக் 160 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். பருத்திக்கு அயன் பெட்டியை வைக்கும் சூடு அதற்கு மேலே. ஒருநாள் மறந்துபோய் அயன் வைத்தால் பெட்டியும் போகும், அயன் பெட்டியின் அடியும் போகும்.

கன்வஸை வெளித்துணித் துண்டுகளுக்கு மட்டும் ஒட்ட வேண்டும், அதுவும் துண்டு முழுக்க வேண்டாம். 8 அங்குல அகலம், 6 அங்குல உயரம் வெட்டி, அதன் கீழ் மூலைகளிலும் அதே 2 அங்குலச் சதுரத்தை எடுத்துவிடுங்கள். துணியின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தால் பக்கங்களிலும் கீழும் வெட்டிய மூலையைச் சுற்றியும் அரை அங்குலம் வெறும் துணி தெரிய வேண்டும். மேலே 2 அங்குலம் வெறுமையாக விடுகிறோம். தையலுக்குள் கன்வஸ் போனால் மூலையில் ஐந்தாறு தடிப்பு சேர்ந்து மெசின் திணறும். மேலே ஏன் அவ்வளவு விடுகிறோம் என்றால், விளிம்பு மடியும் இடம் அதுதான். கன்வஸ் எங்கே முடிகிறதோ அங்கே துணி தானாக மடியும். உங்கள் கையால் அளந்து மடிக்கக்கூடத் தேவையில்லை, விளிம்பு தன் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். துணி மெல்லிய பருத்தியாக இருந்தால் கன்வஸ் இரண்டு படை ஒட்டுங்கள், முதலாவது ஆறிய பிறகு இரண்டாவது.

ஒட்டும் விதம் முக்கியம். அயன் பெட்டியைச் சட்டை மினுக்குவதுபோல இழுக்கக் கூடாது. இழுத்தால் கன்வஸ் நகர்ந்து துணியில் சுருக்கம் விழும். வைத்து, பத்துப் பன்னிரண்டு செக்கன் அமத்தி, தூக்கி, பக்கத்து இடத்தில் வையுங்கள். முழுக்க ஒட்டியதும் கையால் தூக்கிப் பார்க்க ஆசை வரும். பொறுங்கள். சூட்டில் பசை இன்னும் இளகித்தான் இருக்கும், ஆறும்போதுதான் இழைகளைப் பிடிக்கிறது. ஐந்து நிமிடம் அப்படியே மேசையில் கிடக்க விட்டுவிடுங்கள். துவைத்த பிறகு கொலர் குமிழி குமிழியாக எழும்புகிறதே, அது இந்த அவசரத்தாலும் வரலாம்.

இனித் தையல். 14 ஆம் இலக்க ஊசி, டெனிம் என்றால் 16. தையல் நீளம் இரண்டரை மில்லிமீற்றர். வெளித்துணித் துண்டுகள் இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே வர வைத்து, இரு பக்கங்களையும் அடியையும் அரை அங்குலத்தில் தைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய சதுரங்களை இப்போது தைக்காமல் விட வேண்டும். தைத்ததும் ஒவ்வொரு தையலையும் விரித்து அயன் பண்ணுங்கள். இது வேலையைக் கூட்டுவதுபோலத் தெரியும். செய்யாவிட்டால் மூலை ஒருநாளும் சரியாகப் பொருந்தாது.

மூலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், பெட்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வெட்டிய சதுரத்துக்குள் இரண்டு கைக் கட்டைவிரலையும் விட்டு, துணியை எதிரெதிர்ப் பக்கமாக விரியுங்கள். பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றையொன்று தேடி வரும். இரண்டும் சந்தித்ததும் சதுரமாக இருந்த இடம் ஒரு நேர்கோடாக மாறும். கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். ஒரு குண்டூசியை மேலே பக்கத் தையல் கோட்டின் நடுவால் குத்தி, கீழே அது எங்கே வெளியே வருகிறது என்று திருப்பிப் பாருங்கள். அடித் தையல் கோட்டின் நடுவால் வந்தால் சரி. ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு அங்குலம், தள்ளி வந்தாலும் எடுத்துவிட்டுத் திரும்பக் குத்துங்கள். பிறகு அரை அங்குலத்தில் தைத்து, தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் முன்னும் பின்னும் ஓட்டிவிடுங்கள். நடுவில் தடிப்பு வரும் இடத்தில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, மெசின் சில்லைக் கையால் சுற்றி மூன்று நான்கு தையல் போடுங்கள். ஊசி முறிவது பெரும்பாலும் இங்கேதான், வேகத்தில் வந்து தடிப்பில் மோதும்போதுதான். காலால் மிதிக்கும் பழைய சிங்கர் மெசின் வைத்திருப்பவர்களுக்கு இது எளிது, அவர்களுடைய கை எப்போதும் சில்லிலேயே இருக்கும். 1877 இல் இலங்கைக்கு வந்த கம்பனி அது. அந்தக் கறுப்பு மெசின்களில் சில இன்றும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் டெனிம் தைத்துக்கொண்டிருக்கின்றன.

உள்துணியையும் இதேபோலத்தான் தைக்க வேண்டும், இரண்டு வித்தியாசங்களோடு. அடித் தையலின் நடுவில் 3 அங்குலம் தைக்காமல் விடுங்கள், பிறகு திருப்புவதற்கு. அடுத்தது, உங்கள் உள்துணி குவிந்து கிடந்ததற்கான மருந்து. ஒரே அளவில் வெட்டி ஒரே அளவில் தைத்த இரண்டு பெட்டிகளில் ஒன்றை மற்றதற்குள் வைத்தால் உள்ளே இருப்பது மிதமிஞ்சித்தான் நிற்கும், அதற்கு இடம் குறைவு அல்லவா? ஆகவே உள்துணியின் பக்கத் தையலை வாயில் அரை அங்குலத்தில் தொடங்கி, 2 அங்குலம் கீழே வரும்போது மெல்ல மெல்ல ஒரு நூல் உள்ளே தள்ளி, அதே அளவில் அடிவரை கொண்டுபோங்கள். அடித் தையலையும் ஒரு நூல் கூட எடுத்துத் தையுங்கள். வாயில் மட்டும் அளவு மாறக் கூடாது. அங்கே இரண்டு துணியும் பொருந்த வேண்டும், விளிம்பை வெளியே மடிக்கும்போது உள்துணிதான் வெளிப்பக்கம் வருகிறது. இவ்வளவு சிறிய ஒரு விஷயம், ஆனால் கடையில் வாங்கியதுபோல உள்ளே இழுத்துப் பிடித்தாற்போல நிற்கும்.

அப்புறம் இரண்டையும் சேர்ப்பது. உள்துணி உட்புறம் வெளியே தெரிய இருக்கட்டும், வெளித்துணியை நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பி அதற்குள் இறக்குங்கள். இரண்டின் நல்ல பக்கங்களும் முகத்தோடு முகம் பார்க்கும். பக்கத் தையல்களைப் பொருத்தி, வாயைச் சுற்றி அரை அங்குலத்தில் ஒரு தையல். தைத்த ஓரத்தைப் பாதியாக வெட்டிக் குறைத்துவிடுங்கள். இனி அடியில் விட்ட 3 அங்குலத் துவாரத்தால் முழுதையும் வெளியே இழுக்க வேண்டும். கன்வஸ் ஒட்டிய துணி வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். முதலில் ஒரு மூலையைப் பிடித்து இழுங்கள், அந்த மூலை வெளியே வந்தால் மிச்சம் தானாக வரும். வந்ததும் கசங்கிப்போய், இதுவா நான் தைத்தது என்று நினைக்கும்படி இருக்கும். பயப்படத் தேவையில்லை. மூலைகளை உள்ளேயிருந்து விரலால் தள்ளி, பக்கம் பக்கமாக அயன் வைத்தால் திரும்ப உருவத்துக்கு வந்துவிடும்.

துவாரத்தை மூடுவதற்கு முன்னால் அடித்தட்டு வைக்க வேண்டும். காட்போட் வைப்பவர்கள் அதிகம். கடல் காற்று வரும் வீடுகளில் நான் அதைச் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் ஈரம் இழுத்து மெதுமெதுவென்றாகி, மணக்கவும் தொடங்கும். ஐஸ்கிறீம் டப்பா மூடி இருக்கிறதே, அது நல்லது. மூன்றேமுக்கால் அங்குலச் சதுரமாக வெட்டி, நான்கு கூர்முனையையும் கத்தரிக்கோலால் உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் துணியைக் குத்திக் கிழிக்கும். சற்று வளைத்தால் 3 அங்குலத் துவாரத்தால் உள்ளே போய்விடும். பழைய எக்ஸ்ரே படத்தில் இரண்டு துண்டு வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாலும் சரி. தட்டு உள்ளே போன பிறகு அடியில் அயன் வைக்கக் கூடாது, ஆகவே அடியை மினுக்கும் வேலையை முதலே முடித்துக்கொள்ளுங்கள். துவாரத்தைக் கைத்தையலால் மூடி, உள்துணியை உள்ளே இறக்கி, வாயைச் சுற்றி ஓரத்திலிருந்து ஒரு நூல் தள்ளி, மூன்று மில்லிமீற்றர் நீளத்தில் மேல்தையல் ஒன்று ஓட்டுங்கள். விளிம்பை வெளியே மடியுங்கள். மடித்ததும் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். கீழே சதுரம், மேலே வட்டத்துக்குக் கிட்ட வந்த வாய், அப்படியே ஓலைப்பெட்டிதான்.

மேசையில் இடமே இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஃபிளாட்டுகளில் சாப்பாட்டு மேசைதான் தையல் மேசை என்பது எனக்குத் தெரியும், என் வீட்டிலும் பல வருடம் அப்படித்தான். அப்படியானால் பெட்டியைத் தொங்க விடலாம். 3 அங்குலத்துக்கு 6 அங்குலத்தில் ஒரு சின்னத் தலையணை தைத்து, பாரமாக ஏதாவது நிரப்பி, ஒரு சாண் நாடாவால் பெட்டியின் வாயோடு இணையுங்கள். தலையணை மேசைமேல் இருக்கும், பெட்டி விளிம்புக்குக் கீழே தொங்கும். தலையணையிலேயே குண்டூசியும் குத்திக்கொள்ளலாம். அரிசி நிரப்பாதீர்கள், வண்டு வரும். கடற்கரை மணல் கிட்டவே இருக்கிறது என்று அதை அள்ளாதீர்கள், உப்பு ஊசியைத் துருப்பிடிக்க வைக்கும். ஆற்றுமணலை மூன்று நான்கு தண்ணீரில் கழுவி, தாச்சியில் போட்டு ஈரம் போக வறுத்து, ஆறவைத்து, நெருக்கமாக நெய்த துணிப்பையில் கட்டி உள்ளே வையுங்கள்.

இப்போது கேள்வியில் இல்லாத ஒன்று. ஆனால் இதைச் சொல்லாமல் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. முறிந்த ஊசியை இந்தப் பெட்டிக்குள் போடாதீர்கள். வளைந்த குண்டூசியும் போடக் கூடாது. என் மகளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது, முறிந்த ஊசி நுனி ஒன்று நூல் துண்டுகளோடு சேர்ந்து கொட்டுப்பட்டு, தும்புத்தடிக்குத் தப்பி, பாயின் பின்னலுக்குள் இருந்திருக்கிறது. பிள்ளை ஓடி வந்த வேகத்தில் குதிக்குள் ஏறிவிட்டது. வெளியே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும்தான் தெரிந்தது. எக்ஸ்ரே எடுத்துத்தான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள், ஊசியின் கால் அங்குலத் துண்டு அது. அதற்குப் பிறகு என் மேசையில் மூடி இறுக்கமான ஒரு பழைய மருந்துப் போத்தல் எப்போதும் இருக்கும். ஊசி முறிந்தால் மெசினை நிறுத்தி, முறிந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி முழு ஊசி இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் போத்தலில் போட்டு மூடுவேன். ஏற்றுமதிக்குத் தைக்கும் நம்முடைய ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே ஊசி முறிந்தால் எல்லாத் துண்டும் கிடைத்து, பதிவுப் புத்தகத்தில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு குழந்தைச் சட்டைக்குள் அது போய்விடக் கூடாதே என்ற பயம். வீட்டிலும் அதே பயம் நமக்கு வேண்டும்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஊசியே விழாத பெட்டி என்றால், நிறைந்த பிறகு உள்ளே இருப்பதை எறிய வேண்டியதில்லை. நாம் தைக்கும் நூல் அநேகமாகப் பொலியெஸ்டர், குப்பையில் போட்டால் உக்காது. ஆனால் சின்னத் தலையணைக்கும் துணிப் பொம்மைக்கும் நிரப்ப அதைவிட நல்ல பஞ்சு கிடையாது. துணி நறுக்குகளைச் சின்னதாக வெட்டி அதோடு கலந்தால் இன்னும் இறுக்கமாக வரும். மூன்று மாதம் தொடர்ந்து தைத்தால் ஒரு குண்டூசித் தலையணைக்குப் போதும்.

கடைசியாக, நீங்கள் ஏற்கனவே தைத்த இரண்டையும் எறிந்துவிடாதீர்கள். ஸ்பொஞ் வைத்ததை அப்படியே ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலாவதை எடுங்கள், பெட்ஷீட் துணியில் தைத்ததை. அதன் உள்துணி அடித் தையலில் 3 அங்குலத்தைப் பிரித்து, அதற்குள்ளால் பெட்டியை மறுபக்கம் திருப்பி, வெளித்துணியின் நான்கு பக்கங்களுக்கும் நான்கு கன்வஸ் துண்டுகளைத் தனித்தனியாக ஒட்டுங்கள். மூலைத் தையல்களில் கன்வஸ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாயில் ஒன்றரை அங்குலம் விட்டுவிடுங்கள். திரும்பத் திருப்பி, தட்டு வைத்து, மூடி, விளிம்பை மடித்தால் அதுவே நிற்கும். ஸ்பொஞ் பெட்டியில் மூலைகளை அளந்து, கூடக் குறைய இருப்பதை மட்டும் பிரித்து 2 அங்குலத்துக்குத் திரும்பத் தைத்துப் பாருங்கள். ஆட்டம் நின்றால் அதில் பொபின்களைப் போட்டு வைக்கலாம், உருண்டையான வாய்க்குள்ளிருந்து அவை உருண்டு விழாது.